கையில மாட்டற கண்ணி

குத்துதுங்களா? சித்தெ இருங்க, அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கறேன். சுத்தியலுங்க அது. அட, பயந்துக்காதீங்க, யார் மண்டையையும் ஒடைக்கப் போகல. பையில சுத்தியலு, ஒரு மூக்குக் கொறடு, பின்னு தட்டற கம்பி, அப்புறம் ரெண்டு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். புள்ளையோட பந்தயத்துக்குப் போயிட்டிருக்கறேன்.

சன்னலை மட்டும் சாத்தீராதீங்க. முன் சீட்டுல அந்தம்மா கைக்குட்டைய வாயில வெச்சுட்டு உக்காந்திருக்குது பாருங்க. இன்னும் ரெண்டு வளைவு போகட்டும், ஆரம்பிச்சிரும். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. கோத்தகிரி பஸ்ஸுன்னாலே இந்தக் கருமம்தான். மேட்டுப்பாளையத்துல வயிறு முட்ட புரோட்டா தின்னுபோட்டு ஏறறது, குஞ்சப்பனை தாண்டுனதும் சன்னல்ல தலைய நீட்டறது. ச்சை.

நான் காரமடைங்க. பால்கார மாரப்பன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. நீங்க கோயமுத்தூருங்களா? கையில அதென்ன, கறுப்பு அடிச்சாப்புல? வெயிலா? அட, சைக்கிள் ஓட்டுவீங்களா! காலங்காத்தால தொப்பியும் அரைக்கால் டவுசரும் போட்டுட்டு வரிசையாப் போவாங்களே, அந்தக் கூட்டமா? தப்பா நெனைச்சுக்காதீங்க, அந்த டவுசரைக் கண்டா எனக்கு அருவருப்பா இருக்கும். ஆனா சைக்கிள் தெரிஞ்ச ஆளுன்னா நல்லதாப் போச்சு. நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

என்ற புள்ள மௌனிகா மலைச் சைக்கிள் ஓட்டறாளுங்க. கல்லு, சேறு, வேரு, எதையும் பாக்காம ஏறிப் போற சைக்கிளு. இன்னைக்கு மேல எஸ்டேட்டுல தேர்வு. மூணு பேருக்குள்ள வந்துட்டா தமிழ்நாடு அணி. தமிழ்நாடு அணின்னா அப்புறம் ரயில்வேயோ போலீஸோ கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. விட்டாளோ, அவ்வளவுதான். இந்த வயசுப் பிரிவுல அவளுக்கு இதுதான் கடைசி. அடுத்த வருசம் பெரிய பொம்பளைங்களோட ஓட்டோணும், அதுல யாரு சீந்துவா?

ஓட்டத்துல கொறையே இல்லீங்க. மேடு வந்தா எந்திரிச்சு நின்னு மிதிப்பா பாருங்க, பொம்பளப் புள்ளைங்கள்ல யாருக்கும் அந்த வலு கெடையாது. வீட்டுப் பாலுல வளந்த ஒடம்பு. கெரகம் புடிச்சதெல்லாம் அந்தச் செயினுதான். அத்துப் போகும். பந்தயத்துக்குப் பந்தயம் அத்துப் போகும். அதும் எங்க? மேட்டுல, நின்னு மிதிக்கறப்பத்தான்.

செயின்னு சொல்றதுக்கே எனக்கு வாய் கூசுது. நான் பால் ஊத்துன சைக்கிள்ல இருந்தது செயினு. ரெண்டு பக்கமும் கேனு, முன்னால ஒரு கேனு, பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் மிதிப்பேன். அத்துப் போனா என்ன பண்ணுவோம்? ரோட்டோரத்துல ஒரு கல்லு கீழ, ஒரு கல்லு கையில. பின்னை வெச்சு நங்குன்னு ஒரே போடு. அடிச்ச பின்னு அடிச்சதுதான். அந்தச் சைக்கிளை மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏத்த என்ற மச்சான் வாங்கீட்டுப் போனான், இன்னைக்கும் அதே பின்னோட ஓடுது. இவ சைக்கிள் செயினைப் பாத்தீங்கன்னா பொம்பளைங்க கொலுசு இருக்குதே, அந்த மொத்தம்கூட இல்ல. பின்னால பல்லுச் சக்கரத்தைத் தட்டு தட்டா அடுக்கி வெச்சிருக்கறான், அதுக்குள்ள புகுந்து போகோணுமாம். கேட்டா டெக்னாலஜிங்கறாங்க. தூ.

அதனாலதாங்க நான் கை வெக்க வேண்டியதாப் போச்சு. எல்லாப் பந்தயத்துக்கும் மொதல் நாளு, செயினை நானே கழட்டுவேன். பின்னைத் தட்டி வெளிய எடுத்து, செயினை டீசல்ல ஊறப் போட்டு, தேங்கா நாரை வெச்சுத் தேச்சுக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால ஒரு ராத்திரி வெச்சு, விடிஞ்சதும் அதே பின்னை அடிச்சு மாட்டுவேன். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். லாரிக்காரன், பஸ்சுக்காரன் எல்லாம் பண்றதுதான? ஒரு தடவைகூட வுட்டதில்லீங்க. மாட்டுக்குச் சினை ஊசி போடற நாளைக்கூட மறந்திருக்கறேன், இதை மறந்ததில்ல. இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணியும் அத்துப் போச்சுன்னா அது என்ன சாமானுங்க?

மொதல் தடவை பொள்ளாச்சிப் பக்கம். சரி, நம்ம நேரம்னு வுட்டேன். அடுத்தது ஏற்காட்டுல. ரெண்டாவதா வந்துட்டிருந்தா. கடைசி மேடு. எந்திரிச்சு நின்னா. நான் தடத்தோரம் கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு, "மிதி கண்ணு, மிதி"ன்னு கத்தறேன். டப்புன்னு ஒரு சத்தம். மிதி சும்மா சுத்திருச்சு, புள்ள அப்படியே முன்னால போய் ஹேண்டில் பார்ல வாய் மோதிட்டா. ஓடிப் போய்த் தூக்குனா வாயெல்லாம் ரத்தம். முன்பல்லு பாதியக் காணோம். அந்த மண்ணுல மண்டி போட்டு நான் பல்லைத் தேடுனேங்க. என்னத்துக்குத் தேடுனேன்னு எனக்கே தெரியல. எடுத்து ஒட்ட வெக்கவா முடியும்? ஆனாத் தேடுனேன். ஒரு சைக்கிள் கம்பெனிக்காரன் பண்ற அநியாயத்துக்கு என்ற புள்ள வாயில ரத்தம். நெனைச்சா இப்பவும் பத்திட்டு வருது.

அங்க நிக்கற கூட்டத்தைப் பாத்திருக்கறீங்களா நீங்க? பந்தயத்துக்கு வர்ற அப்பனுங்களை? கார்ல வந்து எறங்குவாங்க. புள்ளைக்கு வாழப்பழத்தை உரிச்சு ஊட்டுவாங்க, பதினேழு வயசுப் புள்ளைக்கு! ட்யூப்புல இருந்து பசை மாதிரி எதையோ பிதுக்கி வாயில வுடுவாங்க. சளியாட்டம் இருக்கும், பாத்தா மூணு நாளைக்குச் சோறு எறங்காது. அதுல ஒருத்தன் வித்யாசாகர்னு, அவனோட புள்ளதான் நம்ம புள்ளைக்குப் போட்டி. மௌனிகா விழுந்து கெடக்கறா, அவன் வந்து என்கிட்ட, "சார், செயினை யாரு மெயின்டெய்ன் பண்றது?"ன்னு கேக்கறான். ரத்தம் ஒழுகுது, இவன் கேக்கற கேள்வியப் பாருங்க. "நான்தான்யா, பெத்த அப்பன், வேற யாரு பண்ணுவா?"ன்னேன். அவன் தலையை ஆட்டிட்டுப் போனான். எனக்கு அப்பவே சந்தேகம். ஏதோ பண்றான் அவன். செய்வினைன்னு நான் சொல்லல. ஆனா சும்மா ஒருத்தன் அப்படிக் கேப்பானா?

சைக்கிள் கடைக்காரன்கிட்டயும் கொண்டு போனேன். அத்த செயினை மேசை மேல போட்டு, "பாருய்யா உன்ற லட்சணத்தை"ன்னேன். இருக்கற ஆளுங்க முன்னாலயே கத்துனேன். அவன் வேற செயின் எடுத்துக் குடுத்தான். அதையும் கொண்டு வந்து நம்ம முறைப்படி கழட்டிக் கழுவி மாட்டுனேன். அதும் அத்துச்சு. அப்புறம் அவன் என்னைக் கண்டா உள்ள போயிருவான். திருட்டு முழி.

இதுல பெரிய கொடுமை என்னன்னா, பெத்த புள்ளையே என்னைச் சொல்ல ஆரம்பிச்சா. ஒரு நாள் அத்த செயினையெல்லாம் வரிசையா வாசல்ல போட்டு வெச்சிருக்கறா. "அப்பா, இங்க பாருங்க. எல்லாம் நீங்க தட்டுன பின்னு இருக்கற எடத்துலதான் அத்திருக்குது. கழட்டுன பின்னைத் திரும்ப அடிச்சா இந்தச் செயின்ல நிக்காதுப்பா. இது உங்க பால் சைக்கிள் இல்லப்பா."

நான் சிரிச்சுட்டேன். "ஏன் அம்முணி, செயினுன்னா பின்னு இருக்கற எடத்துலதான அறும்? பின்னு இல்லாத எடத்துலயா அறும்?"ன்னேன். செயினையெல்லாம் அள்ளிட்டு உள்ள போயிட்டா. படிச்ச புள்ள, ஆனா இந்தச் சின்ன விசயம் தோணல பாருங்க.

அதுக்கப்புறம் ஒண்ணு நடந்துச்சுங்க, அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு என்ற வயித்தெரிச்சல் புரியும். அவ எந்திரிச்சு நிக்கறதையே வுட்டுட்டா. பயம். மேடு வந்தா உக்காந்துட்டே மிதிக்கறா, கெழவி மாதிரி. நம்ம புள்ளையா இதுன்னு இருக்கும். கூட வந்ததெல்லாம் ஒவ்வொண்ணாத் தாண்டிப் போகும், இவ உக்காந்துட்டே வருவா, நாக்கால அந்த ஒடஞ்ச பல்லைத் தடவிட்டே வருவா. எனக்கு அழுகை வந்துரும். ஆம்பள அங்க நின்னு அழுதா நல்லாவா இருக்கும், அதனால எதுத்தாப்புல நிக்கறவனை எவனையாவது திட்டுவேன்.

அவளுக்குக் கோச்சு ஒருத்தன், பெலிக்ஸ்னு பேரு. என்னைக் கண்டா "அங்கிள்"ம்பான். அவனுக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருந்தாப் பெருசு. அங்கிளாம், காது கூசுது. அந்த ஆளு போன வாரம் புதுச் செயினு போட்டுக் குடுத்திருக்கறான். போட்டுட்டு, "இனி பயப்படாத, மேட்டுல நல்லா எந்திரிச்சு நின்னு மிதி, அறவே அறாது"ன்னு சொல்லி ஓட்டிப் பழக வெச்சிருக்கறான். இவளும் மறுபடி நிக்கறாளாம். நல்லதுதான். நான் வேண்டாங்கல. ஆனா கூடவே என்ன சொல்லிக் குடுத்தான் தெரியுங்களா? அப்பனைக் கிட்ட வுடாதன்னு.

சைக்கிளை வீட்டுக்கே கொண்டு வர்றதில்ல. அவ சிநேகிதப் புள்ள வீட்டுல வெச்சுட்டு வருவா. நேத்து சாயங்காலம்தான் கொண்டு வந்தா, காலைல வேன் எங்கூட்டு வழியா வருதுன்னு. வந்ததும் என்ற கையைப் புடிச்சுத் தன் தலை மேல வெச்சுக்கிட்டு, "அப்பா, சைக்கிள்ல கை வெக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ங்கறா. என்ற சம்சாரம் ருக்மணி அடுப்படியில நின்னு பாத்துட்டிருக்குது, ஒரு வார்த்தை எனக்காகப் பேசல. வெளிய ஒருத்தன் சொன்னா வுட்டுத் தள்ளலாம். சொந்த வீட்டுல நம்மளைத் திருடனாட்டம் பாத்தா எப்படி இருக்கும் சொல்லுங்க. சாப்பிடப் புடிக்கல. "சரி சாமி, கை வெக்கல"ன்னேன். பந்தயம் பாக்கவும் வர வேண்டாம்னா. அதுக்கும் சரின்னேன். சைக்கிளைத் தன் ரூமுக்குள்ள வெச்சு, கட்டிலோட சேத்துப் பூட்டிட்டுப் படுத்துட்டா.

நான் நெசமாவே வுட்டிருப்பேங்க. சத்தியமாச் சொல்றேன். காலைல அவ குளிக்கப் பொடக்காளிக்குப் போனா. ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு. சும்மா பாக்கலாம்னுதான் போனேன், எலுமிச்சம்பழம் வெக்கலாம்னு. குனிஞ்சு பாத்தா, ஏனுங்க, செயினு சேருற எடத்துல பின்னே இல்ல!

நெசமாத்தான் சொல்றேன். அடிச்ச அடையாளமே இல்ல. ரெண்டு சின்னத் தகடு, வெள்ளிக் கலர்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்குது. நம்ம பொம்பளைங்க கம்மலுக்குக் கொக்கி போடுவாங்களே, அந்த மாதிரி. கொறடை வெச்சு நெருக்குனேன், டிக்குன்னு கையோட வந்துருச்சு! எந்த மடையனாவது இதை நம்பி ஒரு புள்ளைய மேட்டுல நின்னு மிதிக்கச் சொல்லுவானா? கையில மாட்டிக் கையில கழட்டற சாமான், கால் மிதிக்கு நிக்குமா? அந்தாளு எதுக்காக அப்பனைக் கிட்ட வுடாதன்னான்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வந்தா இந்த வண்டவாளம் தெரிஞ்சுருமே!

பல்லு போன அன்னைக்கு அந்த வாயை நான் என்ற துண்டுலதான் தொடைச்சேன். அதைப் பாத்த அப்பன் இதைப் பாத்துட்டு சும்மா வருவானா? நீங்களே சொல்லுங்க.

அவ்வளவுதான், சுத்தியலை எடுத்தேன். சத்தம் கேக்குமேன்னு பாத்தா, நல்ல நேரம், அடுப்படியில ருக்மணி சட்னி அரைக்க மிக்சியைப் போட்டுச்சு. அது ஓட ஓட நான் அடிச்சேன். அது நின்னா நானும் நிறுத்திக்குவேன். அந்தத் தகடை வீசிட்டா செயின் முனை ரெண்டும் ஒரே அளவு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகாதுங்க, அதனால ஒரு கண்ணியத் தட்டி எடுத்துட்டு, மிச்சத்துல நம்ம முறையில பின்னை ஏத்திட்டேன். நீளம் கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. அதனால என்ன? இறுக்கமா நிக்கும், நல்லதுதான். இந்தத் தடவை பின்னு தலையை ரெண்டு பக்கமும் நல்லாச் சப்பையாத் தட்டி வுட்டிருக்கறேன், நழுவவே நழுவாது. அந்தக் கண்ணி மட்டும் மடங்கறப்ப சித்தெ வெறப்பா இருக்குது. ஓட ஓட எளகீரும்.

துண்டுல தொடைச்சுட்டு வெளிய வந்தேன், அவ தலையைத் துவட்டிட்டு வர்றா. என்ற மூஞ்சியப் பாத்துட்டு, "அப்பா, கை வெச்சீங்களா?"ன்னு கேட்டா. "சைக்கிளைத் தொடல கண்ணு"ன்னேன். பொய் இல்லீங்க. செயினைத்தான தொட்டேன்? சைக்கிளைத் தொடவே இல்ல. வேன் வந்துருச்சு, தூக்கி மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. போறப்ப என்ன தோணுச்சோ, எறங்கி ஓடி வந்து என்ற தோள்ல ஒரு தடவை சாஞ்சுட்டுப் போனா. போன பந்தயத்துக்கெல்லாம் என்கூடப் பேசாமத்தான் போனா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. அடுத்த பஸ்ஸைப் புடிச்சுட்டேன். தூரமா நின்னு பாத்துட்டு, அவ ஜெயிச்சதுக்கப்புறம் சொல்லிக்கலாம்.

அந்தத் தகடுங்களா? வெச்சிருக்கறேன், இதா, சட்டைப் பையிலயே இருக்குது. அந்த பெலிக்ஸ் மூஞ்சியில விட்டெறியலாம்னு எடுத்துட்டு வந்தேன். புடிங்க, பாருங்க. என்ன கனம் இருக்கும்? ஊதுனாப் பறந்துரும். என்னது, குயிக் லிங்க்குங்களா? இதுக்கு ஒரு பேரு வேற. இதுல ஒரு புள்ளையோட வாழ்க்கையக் கட்டி வெச்சிருக்கறான். அசிங்கமா இல்ல?

ஏனுங்க, மூஞ்சி என்னமோ போகுதே உங்களுக்கு? வளைவு ஒத்துக்கலையா? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. இந்தாங்க, எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. வேண்டாமா? என்ன, போனா? யாருக்கு? மௌனிகாவுக்கா? அவ போனு வேன்ல கெடக்கும், ஓட்டறப்ப எப்படி எடுப்பா? கோச்சு நம்பரா? அந்தாளு நம்பரை நான் எதுக்கு வெச்சுக்கப் போறேன்? நீங்க எதுக்குங்க இப்படிப் பதறறீங்க? எனக்காகக் கோவப்படறீங்க, புரியுது. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அதான் நான் சரி பண்ணிட்டனே.

அட, கண்டக்டரு கத்தறாரு பாருங்க, எஸ்டேட் கேட்டு வந்துருச்சு. வுடுங்க, கையை வுடுங்க, எறங்கோணும். நீங்களும் எறங்கறீங்களா? நெசமாவா? வாங்க வாங்க, சைக்கிள் தெரிஞ்சவரு வந்தா நமக்கும் பெருமைதான். பாத்து எறங்குங்க, படியில அந்தம்மா வாந்தி எடுத்து வெச்சிருக்குது, ச்சீ.

ஓடாதீங்க, ஓடாதீங்க! எங்க ஓடறீங்க, இங்கிருந்தே தெரியுதே! அதா, தேயிலைக்கு நடுவுல செம்மண் தடம் ஏறுது பாருங்க. மொதல்ல வர்றது யாரு, மஞ்சப் பனியன்? வித்யாசாகர் புள்ள. அதுக்குப் பின்னாலயே ஒட்டிட்டு வருதே பச்சை, அதுதாங்க என்ற புள்ள! கத்தாதீங்க, இத்தனை தூரத்துக்குக் கேக்காது. இனி மேடுதான். பயமே இல்லாம வர்றா பாருங்க. இதா, எந்திரிச்சு நின்னுட்டா.